கணவாயும் தோணியும்: இடம் பிடித்துக் குண்டு தப்பும் விளையாட்டு ஒன்றை நீங்களே செய்வது எப்படி

விதியை ஒரு பிள்ளைக்கு அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். ஓரத்தில் நிற்கும் வரை உங்களுக்குப் பாதுகாப்பு. ஓரத்தை விட்டு வெளியே இறங்கினால் உங்களுக்குப் பின்னால் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைக் கொண்டுபோய் இன்னொரு ஓரத்தில் முட்டினால், எதிரி இல்லாத பக்கம் முழுவதும் உங்களுடையது. முட்டுவதற்குள் எதிரி வந்து கோட்டில் பட்டால் ஓர் உயிர் போய்விடும். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு பிடித்தால் அடுத்த சுற்று.

இவ்வளவுதான். ஆனால் களுவாஞ்சிகுடியில் பின்னேரம் என்னிடம் கம்ப்யூட்டர் படிக்க வருகிற பிள்ளைகள், வகுப்பு முடிந்து சைக்கிளை எடுத்த பிறகும் "சேர், இன்னும் ஒருக்கா" என்று திரும்பி வருவது இந்த விளையாட்டுக்குத்தான். பெரிய பெரிய கேம்களை போனில் பார்த்தவர்கள் அவர்கள். அப்படியும் இதில் ஒட்டிக்கொள்கிறார்கள் என்றால், அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதும், அதைக் கையால் செய்து பார்ப்பதும் நிரலாக்கம் படிக்க ஆகச் சிறந்த வழி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வகைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1981 இல் டைட்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை கிக்ஸ் என்ற பெயரில் இதை வெளியிட்டது. செய்தவர்கள் ரண்டி, சாண்டி ஃபைஃபர் என்ற கணவனும் மனைவியும். 1984 இல் டாஸ் கணினிகளுக்கு ஸோனிக்ஸ் வந்தது. 1989 இல் டைட்டோ மறுபடியும் வொல்ஃபீட் என்று ஒன்றைச் செய்து, எதிரி நம்மை நோக்கிச் சுடவும் வைத்தது. 1992 இல் மைக்ரோசொஃப்ட் தந்த ஜெஸ்போலும் இதன் உறவுதான். குண்டு மழைக்குள் நெளிந்து தப்புகிற விளையாட்டுகள் வேறு ஒரு பரம்பரை: 1993 இல் பட்சுகன், 1995 இல் டொன்பாச்சி என்று வளர்ந்தவை. ஜப்பானின் கென்டா சோ 2002, 2003 ஆண்டுகளில் நொய்ஸ்2சா, பார்செக்47 என்று அந்த வகையில் தனி ஆளாகச் செய்து இலவசமாகவே கொடுத்தார். இரண்டு பரம்பரையையும் ஒரே திரையில் சேர்ப்பதுதான் நம் வேலை.

நாங்கள் செய்ததில் எதிரி ஒரு கணவாய், மை பீச்சும் கடலுயிர். அது மைத்துளியைச் சுற்றிச் சுற்றிப் பீச்சும். நீங்கள் ஒரு தோணி. பின்னால் விழும் கோடு வலை. இந்த யோசனை ஒன்பதாம் ஆண்டு படிக்கிற என் மருமகளுடையது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறிக்கொண்டு வந்தாள். கல்முனைச் சந்தையில் கணவாயைக் கழுவும்போது மை தெறிப்பதைப் பார்த்தவளுக்கு, எதிரி என்ன சுடும் என்று யோசிக்க நேரமே எடுக்கவில்லை. நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை வையுங்கள். ஆனால் கடதாசியில் முதலில் கீறுங்கள்.

வேலை தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு வெளியே நீண்டு நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் முழு விளையாட்டும். "இன்னும் கொஞ்சம் போனால் பெரிய துண்டு கிடைக்கும்" என்ற ஆசையும் "இப்பவே திரும்பு" என்ற பயமும் அங்கேதான் இழுபடும். படம், இசை, சுற்றுகள் எல்லாம் பிறகு. அந்த இரண்டு விநாடி சரியாக வரும் வரை வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

பழைய மெசினில் பைதனைப் போடுதல்

என் வகுப்பில் இருப்பவை பழைய கம்ப்யூட்டர்கள். இரண்டு ஜிகாபைட் ரம், விண்டோஸ் 7. இந்த விளையாட்டுக்கு அது தாராளம். பைதன் என்ற நிரல்மொழியும், விளையாட்டுச் செய்ய உதவும் அதன் பைகேம் நூலகமும் போதும், இரண்டும் இலவசம். விண்டோஸ் 7 என்றால் பைதன் 3.8 வரைதான் ஓடும். 3.9 இலிருந்து அதை ஏற்றுக்கொள்ளாது. இது தெரியாமல் புதிய பதிப்பை இறக்கி டேட்டாவை வீணாக்குகிறவர்கள் கணக்கப் பேர்.

வீட்டில் இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்குப் பைகேமை நான் பென் டிரைவில் கொடுக்கிறேன். அது ஒரே ஒரு வீல் கோப்பு (பைதனில் நூலகத்தை ஏற்றுவதற்கான பொதி), ஏறத்தாழ 10 மெகாபைட். பைதன் பதிப்பும் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். மெசினில் உள்ள பைதனோடு இரண்டும் பொருந்தினால்தான் ஏறும். ஒரு பென் டிரைவில் இரண்டு வகையையும் வைத்திருந்தால் ஊர் முழுக்கச் சமாளிக்கலாம்.

இன்னொரு நல்ல செய்தி: பைதன் 3 இல் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். கட்டம், கோடு, துளிகள், வேகம் என்று எழுதினால் மெசின் மறுப்புச் சொல்லாது. புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்த உடனேயே விளங்கிவிடும்.

கட்டம் போடுதல்

விளையாடும் இடம் 640க்கு 480 திரைப் புள்ளிகள், அதாவது பிக்சல். மேலே ஆட்டத்தில் எடுத்த புள்ளியை எழுத 40 பிக்சல் உயரத்தில் ஒரு பட்டி விடுங்கள். விளையாடும் இடத்தை 4 புள்ளி அகலச் சதுரங்களாகப் பிரித்தால் 160 நிரல், 120 நிரை. மொத்தம் 19,200 சதுரம். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண். 0 என்றால் திறந்த கடல். 1 என்றால் பிடித்த இடம். 2 என்றால் இப்போது இழுபட்டுக்கொண்டிருக்கும் வலை. தொடக்கத்தில் சுற்றிவர ஓரச் சதுரங்கள் மட்டும் 1.

ஓரத்தில் 556 சதுரம் இருக்கிறது. ஆகவே பிடிக்கக் கூடியது 18,644 தான். வீதத்தை இந்த எண்ணால் கணக்கிட வேண்டும். 19,200 ஆல் வகுத்தால் ஒன்றுமே பிடிக்காமல் ஆட்டம் கிட்டத்தட்ட 3 வீதத்தில் தொடங்கும். பிள்ளைகள் அதை உடனே கவனித்துக் கேட்பார்கள்.

திரை ஒரு தரம் புதிதாக வரையப்படுவது ஒரு பிரேம். தோணி இரண்டு பிரேமுக்கு ஒரு சதுரம் நகரட்டும். விநாடிக்கு 60 பிரேம் என்றால் அது 120 புள்ளி. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்காகப் போக ஐந்து விநாடிக்குச் சற்று மேல். மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு திசை மட்டும் கொடுங்கள். சாய்வாக ஓட விட வேண்டாம். வேகத்தைக் கூட்ட நினைத்தால் ஒரே தாவலில் இரண்டு சதுரம் தாண்ட விடாதீர்கள். ஒவ்வொரு சதுரமாக நடத்தி, நடந்த ஒவ்வொன்றிலும் 2 ஐ எழுதுங்கள். இடையில் ஒரு சதுரம் விடுபட்டாலும் வலையில் ஓட்டை. பின்னால் வரப்போகிற நிரப்பும் வேலை அந்த ஓட்டை வழியாகக் கசிந்து மறுபக்கமும் போய்விடும்.

தன் வலையைத் தானே குறுக்கே தாண்ட முடியாது என்பதை விதியாக வையுங்கள். அதற்காகச் சாக வேண்டியதில்லை, அந்தத் திசையில் நகராமல் நின்றால் போதும். இந்தச் சின்ன விதியின் பலன் பிறகு மைத்துளிகள் வரும்போது தெரியும்.

திரையில் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. 19,200 சதுரத்தையும் ஒவ்வொரு பிரேமிலும் திரும்ப வரைந்தால் பழைய மெசின் மூச்சு வாங்கும். கடலுக்கென்று தனியாக ஒரு படப்பரப்பை வைத்துக்கொண்டு, மாறிய சதுரத்தை மட்டும் அதில் தீட்டி, முழுப் பரப்பையும் ஒரே தரம் திரையில் ஒட்டுங்கள்.

நிரப்புதல்: இதுதான் இதயம்

வலை கரையில் முட்டிய உடனே எந்தப் பக்கம் நமக்கு என்று மெசினுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பக்கத்தையும் அளந்து சிறியதை எடுக்கச் சொல்லலாம் என்று பெரும்பாலும் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம். சிறிய பக்கத்தில் கணவாய் இருந்தால் என்ன செய்வது? கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். கணவாய் எங்கெல்லாம் நீந்திப் போக முடியும்? அவ்வளவும் கடல். அதனால் போக முடியாத இடம் எல்லாம் நம்முடையது.

கணவாய் நிற்கிற சதுரத்தை ஒரு பட்டியலில் போடுங்கள். பட்டியலின் கடைசியில் இருப்பதை எடுங்கள். அது 0 ஆக இருந்தால் "பார்த்தாயிற்று" என்று 3 போட்டு, அதன் மேல், கீழ், இடம், வலம் நான்கையும் பட்டியலில் சேருங்கள். 1, 2 அல்லது 3 ஆக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். பட்டியல் காலியாகும் வரை இதையே செய்யுங்கள். முடிந்ததும் கட்டம் முழுவதையும் ஒரு தரம் ஓடிப் பாருங்கள்: 3 ஆக இருப்பது மறுபடி 0, 0 ஆகவே மிஞ்சியதும் 2 ஆக இருப்பதும் 1. சரி, இடம் பிடித்தாயிற்று.

புத்தகங்களில் இதைத் தன்னையே அழைக்கும் சார்பாக எழுதிக் காட்டுவார்கள். வாசிக்க வடிவாக இருக்கும். ஆனால் பைதன் சாதாரணமாக ஆயிரம் ஆழத்துக்கு மேல் அப்படி அழைக்க விடாது. நம் கடலில் பதினெட்டாயிரம் சதுரம் இருக்கிறது. முதல் தடவை வலையை முட்டியதும் விளையாட்டு நின்றுவிடும். ஆகவே பட்டியல் முறைதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணவாய் நகர்ந்து போய்ப் பிடித்த இடத்துக்குள் ஓரெட்டு நுழைந்த நேரத்தில் வலை முட்டினால், நிரப்பல் தொடங்கும் சதுரமே 1. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். ஒரு சதுரமும் 3 ஆகாது. முழுக் கடலும் ஒரேயடியாக உங்களுக்கு வந்துவிடும். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் ஆட்டம் கெட்டுப்போகும். கணவாயை நகர்த்துமுன் அது போகப்போகிற சதுரத்தைப் பார்த்து, 1 என்றால் திசையைத் திருப்பிவிடுங்கள். அதோடு நிரப்பல் தொடங்குமுன் சதுரம் 0 தானா என்று ஒரு சோதனையும் வையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள திறந்த சதுரத்தைத் தேடி அங்கிருந்து தொடங்கட்டும்.

பின்னைய சுற்றுகளில் இரண்டு கணவாய் விட்டால், இரண்டின் சதுரத்தையும் பட்டியலில் போட்டுத் தொடங்குங்கள். வேறு மாற்றம் எதுவும் தேவையில்லை. இரண்டும் வலையின் இரண்டு பக்கத்தில் அகப்பட்டால் ஒன்றுமே மிஞ்சாது, வலை மட்டும் கரையாகும். கிக்ஸ் இதற்கு ஓர் அருமையான பரிசு வைத்திருந்தது: இரண்டு எதிரியையும் பிரித்துவிட்டால் அந்தச் சுற்று அதோடு முடியும், அடுத்த சுற்றுகளில் புள்ளி பெருகும். நாங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

மை பீச்சுதல்

ஒரு மைத்துளிக்கு நான்கு எண் போதும்: இருக்கும் இடத்துக்கு இரண்டு, ஒரு பிரேமில் நகர வேண்டியதற்கு இரண்டு. இவற்றைத் தசமத்தில் வையுங்கள், சதுரக் கணக்கில் வைக்க வேண்டாம். கோணத்தின் கோசைனை வேகத்தால் பெருக்கினால் குறுக்கு நகர்வு, சைனைப் பெருக்கினால் நெடுக்கு நகர்வு. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிக்கும்போது "இது எங்க சேர் பயன்படும்?" என்று கேட்ட பிள்ளை, இந்த இடத்தில் தானாகவே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும்.

முதலில் ஒரு வளையம். 30 பாகை இடைவெளியில் 12 துளி, விநாடிக்கு ஒரு தரம். இப்படியே விட்டால் ஒவ்வொரு வளையமும் அதே பன்னிரண்டு பாதையில் போகும். இடையில் நின்றால் ஒன்றும் படாது. அடுத்த வளையத்தை 7 பாகை திருப்பித் தொடங்குங்கள், அதற்கடுத்ததை இன்னொரு 7. திரையில் சுழன்று விரியும் பூ ஒன்று வரும். ஒரே ஓர் எண்ணைச் சேர்த்ததற்குக் கிடைக்கும் அந்த அழகு எனக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை. மூன்று வளையத்துக்கு ஒரு தரம் தோணியைக் குறிபார்த்து ஒரு துளியும் வரட்டும். இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்தால் கோணத்தைப் பைதனின் கணித நூலகம் தந்துவிடும்.

வேகம் விநாடிக்கு 90 புள்ளி. தோணியை விடத் துளி மெதுவாகப் போக வேண்டும் என்பதைக் கட்டாயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டு, யோசித்து, விலக நேரம் கிடைத்தால்தான் செத்தவன் "என் பிழை" என்று மறுபடி விளையாடுவான். காணாமலே செத்தால் எழும்பிப் போய்விடுவான்.

அடிபடும் பரப்பும் இதே காரணத்துக்குத்தான். தோணியை 16 புள்ளி நீளத்தில் வரையுங்கள், ஆனால் நடுவில் உள்ள 4க்கு 4 மட்டும் அடிபடட்டும். துளியை 8 புள்ளி அகலத்தில் வரைந்து, உள்ளே 4 மட்டும் அடிக்கட்டும். துளிகள் தோணியின் விளிம்பை உரசிக்கொண்டு போகும், ஆனாலும் உயிர் இருக்கும். மயிரிழையில் தப்பினோம் என்ற அந்த உணர்வுக்காகத்தான் குண்டு மழை விளையாட்டுகளை ஆட்கள் விடாமல் ஆடுகிறார்கள்.

துளி, பிடித்த இடத்தைத் தொட்டதும் மறைந்துவிடட்டும். துளி இருக்கும் சதுரம் 1 ஆ என்று பார்த்தால் போதும். இதனால் நீங்கள் பிடித்த நிலம் உங்களுக்கு மறைப்பாகிறது. ஒரு மூலையைக் கெட்டித்தனமாகப் பிடித்தால், அதன் நிழலில் நின்று அடுத்த வலையைத் தொடங்கலாம். இடம் பிடிப்பதும் குண்டு தப்புவதும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்வது இந்த ஒரு விதியால்தான்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு: மைத்துளி வலையில் பட்டால் வலை அறுமா? இரண்டு விதமாகவும் செய்து பிள்ளைகளிடம் கொடுத்தேன். அறும் என்று வைத்தபோது ஒருவரும் தூரம் போகவில்லை. கரையோரமாகச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார்கள். என் மருமகள்தான் காரணத்தைச் சரியாகச் சொன்னாள்: "மாமா, முன்னால வாறத நான் பாத்து விலகுவன். பின்னால வலையில படுறத எப்பிடி விலகுற?" அவ்வளவுதான் விசயம். தப்ப வழியில்லாத ஆபத்து ஆபத்தே அல்ல, தண்டனை. ஆகவே துளி வலையைக் கடந்து போகட்டும், தோணியை மட்டும் கொல்லட்டும். வலையை அறுப்பது கணவாயின் உடம்பு மட்டும். அது மெதுவாக வரும், வருவது தெரியும், அவசரமாகக் கரைக்கு ஓடலாம்.

துளியிலிருந்து விலகப் பார்க்கும்போது தன் வலை தனக்கே சுவராக நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். முதலில் சொன்ன அந்தச் சின்ன விதி இங்கேதான் வேலை செய்கிறது. வளைந்து வளைந்து பேராசையாக வலை இழுத்தவனுக்கு ஒதுங்க இடம் இராது. நேராக இழுத்தவன் இரண்டு பக்கமும் விலகலாம்.

ஆசையைக் கூட்டுதல், ஒளிந்திருப்பதைத் தடுத்தல்

புள்ளி கொடுக்கும் முறையைச் சும்மா நினைக்க வேண்டாம். பிடித்த வீதத்தை அதே வீதத்தால் பெருக்கி, பிறகு பத்தால் பெருக்குங்கள். ஒரு வீதம் பிடித்தால் 10 புள்ளி. பத்து வீதத்தை ஒரே வலையில் பிடித்தால் 1,000. அதே பத்தைப் பத்துத் துண்டாக வெட்டினால் 100 தான். இதைத் திரையில் கண்ட பிறகு ஒரு பிள்ளையும் கரையோரமாக நறுக்கிக்கொண்டிராது.

வலை மூடும்போது உள்ளே அகப்பட்ட துளி ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளி கொடுங்கள். இப்போது துளிகள் குறைந்த நேரம் பார்த்து வெளியே போவதா, நிறைந்த நேரம் பார்த்துப் போவதா என்று விளையாடுபவர் யோசிக்கத் தொடங்குவார். கிக்ஸில் மெதுவாகக் கோடு இழுத்தால் இரட்டிப்புப் புள்ளி என்று இருந்தது. அதையும் சேருங்கள்: ஒரு விசையை அழுத்திக்கொண்டிருந்தால் நான்கு பிரேமுக்கு ஒரு சதுரம், புள்ளி இரண்டு மடங்கு. அந்த விசை சிஃப்டாக இருக்கட்டும். மலிவான கீபோர்டுகள் மூன்று எழுத்து விசைகளை ஒன்றாக அழுத்தினால் சில வேளை ஒன்றை விட்டுவிடும். சிஃப்டில் அந்தத் தொல்லை குறைவு. கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் அம்புக்குறி விசைகள் சீக்கிரம் பழுதாகும் என்பதால், எழுத்து விசைகளிலும் நான்கு திசைகளை வைத்துவிடுங்கள்.

கரையிலேயே நின்று நேரத்தைக் கடத்துகிறவரை என்ன செய்வது? கிக்ஸ், ஓரத்தில் ஓடித் திரியும் தீப்பொறிகளை விட்டது. வொல்ஃபீட், கரையில் காக்கும் கவசத்துக்குக் காலக்கெடு வைத்தது. நான் வொல்ஃபீட் பக்கம். ஒரு சுற்றுக்கு 60 விநாடிக் கவசம். அது முடிந்தால் கரையில் நிற்கும் தோணியையும் மை கொல்லும். மேலே ஒரு பச்சைப் பட்டி தேய்ந்துகொண்டே வரட்டும், கடைசிப் பத்து விநாடி சிவப்பு. பட்டி சிவந்ததும் பிள்ளைகளின் முதுகு தானாக நிமிரும்.

நடுக்கடலில் நிற்பதற்கும் ஒரு விலை வேண்டும். கிக்ஸில் கோட்டின் நடுவே நின்றால் பின்னாலிருந்து திரி எரிந்துகொண்டு வரும். ஆனால் அங்கே சுடுகிற எதிரி கிடையாது. இங்கே ஒரு துளி கடந்து போகட்டும் என்று நிற்பதும் ஒரு திறமை. ஆகவே அரை விநாடி, அதாவது 30 பிரேம் நிற்க விடுங்கள். அதற்குப் பிறகு திரி பிடிக்கட்டும். நகரத் தொடங்கினால் திரி நின்ற இடத்தில் நிற்கட்டும்.

இடம் சுருங்கச் சுருங்க நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கணவாய் 300 புள்ளி தூரத்தில் இருந்தால் துளி வந்து சேர மூன்று விநாடிக்கு மேல். கடைசிக் கட்டத்தில் 60 புள்ளியில் நிற்கும், முக்கால் விநாடிகூட இல்லை. கைகள் எவ்வளவு கெட்டியானவையாக இருந்தாலும் இது அநியாயம். மீந்திருக்கும் கடலின் பங்கை 0.4 ஆல் பெருக்கி 0.6 ஐக் கூட்டுங்கள். வரும் எண்ணால் துளியின் வேகத்தைப் பெருக்குங்கள். கடல் முழுதாக இருக்கும்போது 90. கால்வாசியாகும்போது 63. வளையத்தின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். நெருக்கமாக, ஆனால் மெதுவாக வரும் மை பார்க்கவும் பயங்கரமாக இருக்கும், தப்பவும் முடியும்.

எழுபத்தைந்தைத் தாண்டிய ஒவ்வொரு வீதத்துக்கும் கிக்ஸ் 1,000 புள்ளி கொடுத்தது. இதை விட்டுவிடாதீர்கள். 74 இல் நின்று கடைசி வலையைச் சின்னதாகப் போட்டு முடிப்பதா, 90 வரை எட்டிப் பிடிப்பதா என்ற கேள்வியில்தான் சுற்று முடிகிற நேரத்துச் சூடு இருக்கிறது.

சத்தமும் எழுத்தும்

சத்தத்துக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சின்னக் கருவி போதும். 2007 இல் டொமாஸ் பெட்டர்சன் செய்து இலவசமாகக் கொடுத்தது. பொத்தானை அழுத்த அழுத்த வெடி, நாணயம், தாவல் என்று புதுப்புதுச் சத்தம் பிறக்கும். மூன்று சத்தம் செய்யுங்கள்: வலை இழுபடும்போது மெல்லிய உராய்வு, மூடும்போது ஒரு நிறைவான ஒலி, சாகும்போது ஒன்று. உராய்வுச் சத்தத்தின் சுருதியை வலை நீள நீள ஏற்றிக்கொண்டு போனால் வயிற்றில் ஒரு பதற்றம் ஏறும். அதற்காக ஒரே சத்தத்தை ஐந்து சுருதியில் சேமித்து வைத்து, நீளத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

தமிழ் எழுத்துப் போடும்போது கவனம். பைகேம் நேரடியாக எழுதினால் பல வேளைகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "தொடங்கு" என்பது வாசிக்க முடியாததாகிவிடும். நிச்சயமான வழி, தேவையான சொற்களை ஒரு பட மென்பொருளில் வடிவாக எழுதிப் படமாகச் சேமித்து ஒட்டுவது. எண்கள் மட்டும் நேரடியாக வரட்டும். இந்த வகை விளையாட்டுக்குப் பத்துச் சொற்களுக்கு மேல் தேவைப்படாது.

அதிகூடிய புள்ளியை உயிர் போன அந்தக் கணமே கோப்பில் எழுதிவிடுங்கள், வெளியேறும்போது எழுதலாம் என்று விட வேண்டாம். கரண்ட் போனால் போனதுதான். தன் பெயர் முதலிடத்தில் நின்ற பட்டியல் அழிந்துபோன பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

மற்றவர்களுக்குக் கொடுத்தல்

பைதன் இல்லாத மெசினிலும் ஓட வேண்டும் என்றால் பைஇன்ஸ்டோலர் என்ற கருவியைக் கொண்டு, தனியே ஓடும் நிரலாகக் கட்டுங்கள். விண்டோஸுக்கானதை விண்டோஸில்தான் கட்ட வேண்டும். 32 பிட் மெசினில் ஓட 32 பிட் பைதனால் கட்டியது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டும் வசதி கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் அது திறக்க நேரமெடுக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் அதைக் கண்டு வீணாகக் கத்துவதும் உண்டு. கோப்புறையாகக் கட்டி, அதைச் சிப் செய்து கொடுப்பது நல்லது.

கோப்புறைக்குள் ஒரு சின்ன உரைக் கோப்பும் வையுங்கள். எந்த விசை எதற்கு, எந்தப் பதிப்பு, யார் கீறினார், யார் எழுதினார். அதோடு இலவசம் என்று மட்டும் எழுதி விடாமல், காசுக்கு விற்கக் கூடாது, மாற்றலாமா கூடாதா, மாற்றினால் முதலில் செய்தவரின் பெயர் இருக்க வேண்டுமா என்பதையும் தமிழிலேயே தெளிவாக எழுதுங்கள். எங்களுடையதில் மூலக் கோப்பையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். மருமகளின் பெயர் மேலே இருக்கிறது. வேகம், பாகை, துளி எண்ணிக்கை எல்லாம் முதல் இருபது வரிக்குள் தமிழ்ப் பெயரோடு நிற்கின்றன. திறந்து 7 ஐ 11 ஆக்கிச் சேமித்துவிட்டு, பூ எப்படிச் சுழல்கிறது என்று பாருங்கள்.